தாளம் போட்டவள்

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். அப்பாவுக்கு இருமல் நின்றுவிட்டது, பேச்சுதான் நிற்கவில்லை. உன் முழங்கால் எப்படி இருக்கிறது? லிப்ட் ரிப்பேர் பண்ணுகிறவன் படி ஏறி ஏறி முழங்காலைக் கெடுத்துக்கொண்டான் என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். உன் மனைவியை நான் விசாரித்ததாகச் சொல்.

வருஷம் பிறந்ததும் என் மாணவர்களைப் பற்றி உனக்கு எழுதாவிட்டால் அந்த வருஷம் தொடங்கின மாதிரியே எனக்கு இருக்காது. போனில் சொல்லலாமே என்று கேட்பாய். போன் இருப்பது கூடத்தில், அதற்குப் பக்கத்து நாற்காலியில் இருப்பது அப்பா. நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் மூன்று வார்த்தை சேர்ப்பார். உனக்குக் கடிதம்தான் சரி.

காலையில் வரும் சின்னப் பிள்ளைகளைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. அவர்கள் பாட்டுக்கு வளர்ந்துவிடுவார்கள். என் உயிரை வாங்குவது சாயங்காலம் வரும் நான்கு பெரியவர்கள். தையல் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒரு அம்மா. ஒரு பல் டாக்டர். பஸ் ஓட்டும் ஒருவர். நூலகத்தில் வேலை செய்யும் ஒரு பெண். தையல்காரம்மா நாற்பத்து நாலு வயதில் முதல்முறையாக வயலின் வில்லைப் பிடித்தாள். இரண்டே வருஷத்தில் அவள் வில்லில் நடுக்கம் போய்விட்டது. டாக்டருக்கு அடுத்தவர் வாயைத் திறக்கச் சொல்லத் தெரிகிறது, தன் மணிக்கட்டைத் திறக்கத் தெரியவில்லை. கட்டைபோல விறைத்துக்கொள்கிறார். பஸ்காரர் நன்றாக வாசிப்பார், ஆனால் ஒவ்வொரு வரி முடிந்ததும் ஸ்டாப் வந்த மாதிரி நின்றுவிடுவார். நூலகக்காரி பயந்து பயந்து வாசிக்கிறாள், பக்கத்தில் யாரோ படித்துக்கொண்டிருக்கிற மாதிரி.

இன்னமும் நான் ஜோடி ஜோடியாகத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருவர் வாசிப்பார், ஒருவர் தாளம் போடுவார், அரை மணி கழித்து மாற்றிக்கொள்வார்கள். மற்ற டீச்சர்கள் கேலி செய்கிறார்கள். வீட்டில் ஒரே ஒரு வயலினை வைத்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் கற்றுக்கொண்டது அவர்களுக்கு எப்படித் தெரியும்? வயலின் உன் கையில் இருந்தால் என் கை தாளம் போடும், என் கையில் இருந்தால் உன் கை போடும். பத்து வருஷம் அப்படியே போயிற்று. எனக்கு வேறு மாதிரி சொல்லிக்கொடுக்கத் தெரியாது.

டிசம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வாசிக்கப்போகிறார்கள். இந்த வருஷமாவது நீ வரவேண்டும். நீ ஏன் வருவதில்லை என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் அப்பா அதையே சொல்கிறார். "ரெண்டும் சேர்ந்துதான் கத்துக்கிச்சுங்க. பொண்ணுக்குத் தாளம் அசையாது. பையனுக்குத்தான் நிக்கலை, மியூசிக் காலேஜ் பரீட்சையிலேயே விட்டுட்டான்." அம்மா போன அன்று துக்கம் கேட்க வந்தவர்களிடமும், உன்னைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, அதைத்தான் சொன்னார். அதோடு போனவன் நீ, அப்புறம் இந்த வீட்டுக்கு வரவே இல்லை. ஒன்பது வருஷம் ஆகிறது. அந்தப் பரீட்சையைப் பற்றி நீயும் என்னிடம் பேசியதில்லை, நானும் உன்னிடம் பேசியதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். முழங்காலுக்கு எண்ணெய் தேய்.

அன்புடன்,
அக்கா

பிப்ரவரி 11

அக்காவுக்கு,

லெட்டர் கிடைச்சது. நாங்க ரெண்டு பேரும் சௌக்கியம். முழங்கால் சொன்ன பேச்சைக் கேக்கலை, மத்தபடி குறை ஒண்ணும் இல்லை. உனக்கு முதுகு வலி எப்படி இருக்கு? அதை எழுதவே இல்லையே நீ.

எனக்கு உன்னை மாதிரி எழுத வராது. பேசற மாதிரிதான் எழுதுவேன், திருத்தாதே.

அந்த டாக்டரை நினைச்சு நானும் என் பொண்டாட்டியும் சிரிச்சோம். அவர் வாசிக்கும்போது நீ ஒரு தடவை, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க"ன்னு சொல்லிப் பாரு.

ஜோடிப் பாடம்னு நீ எழுதினதும் நம்ம பழைய சமையலறை ஞாபகம் வந்துடுச்சு. அடுத்த வீட்டுக் குழந்தை முழிச்சுக்கும்னு அம்மா நம்மளைச் சமையலறைக்குள்ள தள்ளிக் கதவைச் சாத்துவாங்க. நீ அரிசி டின் மேல உட்காருவ, நான் தரையில. அம்மா நம்ம ரெண்டு பேரையும் தாண்டித் தாண்டி நடந்து சமைப்பாங்க. யாருக்கு முதல்ல வயலின்னு சண்டை வந்தா அம்மாதான் பைசல் பண்ணுவாங்க. யாரு காய் நறுக்கறாங்களோ அவங்களுக்கு ரெண்டாவது. எனக்கு இன்னிக்கும் வெங்காயம் பொடியா நறுக்க வரும், அதுக்கு நீதான் காரணம்.

லிப்ட் மோட்டார் ரூம்ல வேலை செய்யும்போது சில சமயம் கை தானா தொடையில தட்டும். கூட வேலை பாக்கறவன், எதைத் தேடறீங்கன்னு கேட்டான். ஸ்பானர்னு சொல்லிட்டேன்.

டிசம்பர்ல இங்க ஒரு ஆஸ்பத்திரியில நாலு லிப்ட் மாத்தறாங்க. லீவு கிடைக்காதுன்னு நினைக்கிறேன். அப்பா சொல்றதைச் சொல்லிட்டுப் போகட்டும், வயசானவர்.

முதுகைப் பாத்துக்கோ. அப்பாவை ரொம்பத் திட்டாதே.

தம்பி

மார்ச் 24

அன்புள்ள தம்பிக்கு,

நலம். என் முதுகைப் பற்றி எழுதாததற்குக் காரணம் அது என் பின்னால் இருப்பதுதான். நீங்கள் இருவரும் சுகமாக இருக்கிறீர்கள் என்று நம்புகிறேன்.

நீ சொன்னபடியே டாக்டரிடம் சொன்னேன். ஒரு கணம் விழித்தார், அப்புறம் அவர் சிரித்த சிரிப்பில் மணிக்கட்டு தானாகத் தளர்ந்துவிட்டது. இரண்டு வருஷமாக நான் தொண்டை வறளச் சொல்லியும் நடக்காதது உன் ஒரு கேலியில் நடந்தது. நீ டீச்சராகியிருக்க வேண்டும்.

தையல்காரம்மாவையும் டாக்டரையும் ஜூன் மாத கிரேடு பரீட்சைக்கு அனுப்பப்போகிறேன். அவள் வாசிக்கும்போது அவர் தாளம் போடுவார், அவர் வாசிக்கும்போது அவள். அவளுக்குக் காது நல்ல காது. வர்ணத்தில் நான் சுருக்கமாகச் சொல்லித்தரும் இடங்களைக்கூட வீட்டுக்குப் போய்ச் சரியாகப் பிடித்துவிடுகிறாள். வீட்டில் வயலின் வைத்துக்கொள்ள இடம் இல்லையாம், கட்டிலுக்கு அடியில் துணி மூட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள். நம் வயலின் அலமாரி மேல் இருக்குமே, நீ ஸ்டூல் போட்டு எடுப்பாய், நான் ஸ்டூலைப் பிடித்துக்கொள்வேன். ஒருநாள் பிடிக்காமல் விட்டுவிட்டு ஓடினேன், நீ வயலினைக் காப்பாற்றி முட்டியை உடைத்துக்கொண்டாய். இப்போது வலிப்பது அந்தக் காலா?

போன வாரம் அப்பா டாக்டரைப் பிடித்துக்கொண்டார். வழக்கமான கதைதான். பையனுக்குத் தாளம் நிக்கலை என்றார். டாக்டர் பாவம், நல்ல எண்ணத்தில், "எனக்கும் அதே கதைதான் சார்" என்று சொல்லிவிட்டார். அதிலிருந்து அப்பா அவரைக் கூப்பிடுவதே "நம்ம பையன் மாதிரி" என்றுதான். "நம்ம பையன் மாதிரி வந்தாச்சும்மா, கதவைத் திற" என்கிறார். நான் போய்க் கதவைத் திறக்கிறேன்.

▇▇▇▇▇▇▇▇▇▇▇▇

மேலே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காதே. ஒன்றும் இல்லை.

அன்புடன்,
அக்கா

ஏப்ரல் 9

அக்காவுக்கு,

இங்க எல்லாரும் நலம்.

வெளிச்சத்துல பிடிச்சுப் பாத்தேன். பின்பக்கமா பாத்தேன். கண்ணாடிக்கு முன்னாடி வெச்சும் பாத்தேன். தாள் கிழியற அளவுக்கு அழுத்தி அடிச்சிருக்க. ஒண்ணும் இல்லாததுக்கு யாரும் இவ்வளவு மை செலவு பண்ண மாட்டாங்க. என்ன எழுதின?

அதே கால்தான்.

தம்பி

ஜூன் 28

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமாக இருப்பாய். நாங்கள் நலம் என்று எழுதினால் பாதிப் பொய். அப்பா நலம். எனக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை. காரணத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பரீட்சை. பள்ளிக்கூடத்து வகுப்பறை ஒன்றில் மூன்று பேர் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். ஆசிரியர்கள் ஓரமாக உட்காரலாம் என்றார்கள், உட்கார்ந்தேன். தையல்காரம்மா பெயரைக் கூப்பிட்டார்கள். டாக்டர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து தாளம் போட ஆரம்பித்தார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அடுத்தது தன் முறை என்று மனிதருக்கு நினைப்பு போலிருக்கிறது, கண் எங்கேயோ போனது, கை ஒரு விரலைத் தாண்டிவிட்டது.

அவள் இப்போது அவர் கையைப் பார்த்து அவசரமாக வந்து சேர்ந்துகொள்வாள், எல்லாம் போயிற்று என்று நினைத்தேன். அவள் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை. தன் பாட்டுக்கு வாசித்துக்கொண்டு போனாள். டாக்டரின் கை அந்தரத்தில் தவித்துவிட்டு மடியில் படுத்துக்கொண்டது. நடுவில் இருந்த பரீட்சைக்காரர் சிரித்துவிட்டார். தாளம் போட ஆளே இல்லாமல் மீதி முழுவதையும் அவள் வாசித்து முடித்தாள். தேறிவிட்டாள். டாக்டரும் தேறினார், அது வேறு விஷயம்.

வெளியே வந்ததும், எப்படிம்மா சமாளிச்ச என்று கேட்டேன். அவள் சாதாரணமாகச் சொன்னாள். "அவர் கை எங்கேயோ போச்சுங்க டீச்சர். கம்பெனியில பக்கத்து மெஷின் சத்தத்துக்கு நான் மிதிச்சா என் தையல் கோணிடும். என் காலு என் மெஷினுக்குத்தான்."

அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன், தம்பி. தலை சுற்றுகிறது என்று எல்லாருக்கும் பொய் சொன்னேன்.

மார்ச்சில் அடித்த வரி இதுதான். அன்றைக்கு உன் பரீட்சையில் தாளத்தை விட்டது நீ இல்லை. நான். தட்டிவிட்டுச் சுண்டுவிரலை வைத்தேன், அடுத்து மோதிர விரல் வைக்க வேண்டும், நேரே நடுவிரலுக்குப் போய்விட்டேன். உனக்குத் தாளம் போட்டுக்கொண்டே மனசுக்குள் என் பாட்டை வாசித்துக்கொண்டிருந்தேன், அடுத்தது என் பெயர் என்பதால். என் கை முந்தியதும் நீயும் ஒரு எண்ணிக்கையை விழுங்கிவிட்டு என்னோடு வந்து சேர்ந்தாய். பரீட்சைக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு என்னமோ எழுதினார்கள். உன் தாளில் எழுதினார்கள். பத்து நிமிஷம் கழித்து நான் வாசித்தபோது நீதான் தாளம் போட்டாய். அது அசையவே இல்லை. அந்தத் தாளத்தில் உட்கார்ந்துதான் நான் காலேஜுக்குப் போனேன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது, சின்னப் பெண், பயம், இப்படி எத்தனையோ சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஐம்பது வயதில் என்ன சமாதானம் சொல்வது? முப்பத்தொரு வருஷமாக அப்பா உன்னைச் சொல்லச் சொல்ல நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. தையல்காரம்மாவுக்கு இரண்டு வருஷப் பயிற்சி, உனக்குப் பத்து வருஷம். அவளால் முடிந்தது உன்னால் ஏன் முடியவில்லை? உன் காது என் காதைவிட நல்ல காது. நீ ஏன் என் கையோடு வந்தாய்?

அக்கா

ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலமா? நான் எழுதி ஏழு வாரம் ஆகிறது. உனக்குக் கிடைக்கவில்லையோ என்று முதலில் நினைத்தேன். கிடைத்துத்தான் இருக்கும்.

பஸ்காரர் இப்போது வரிக்கு வரி நிற்பதில்லை. நூலகக்காரியை அவருக்கு ஜோடி சேர்த்தது நல்லதாகப் போயிற்று. அவர் நிற்கப்பார்த்தால் அவள் தாளம் போடும் கையாலேயே போங்க போங்க என்று சைகை காட்டுகிறாள். அவளுக்கும் பயம் தெளிந்துவிட்டது. போன வாரம் அவள் வாசித்தது தெருவில் கேட்டதாம்.

இதையெல்லாம் உனக்கு எழுத எனக்கு முகம் இல்லை. ஆனாலும் வேறு யாருக்கு எழுதுவேன்? திட்டியாவது இரண்டு வரி எழுது.

அக்கா

செப்டம்பர் 5

அக்காவுக்கு,

நாங்க நல்லா இருக்கோம். நீ சாப்பிடறியா?

உன் லெட்டர் ஜூலை முதல் வாரமே வந்துடுச்சு. பை ஜிப்புக்குள்ளயே வெச்சுச் சுத்திக்கிட்டிருந்தேன். நாலு தடவை எழுத உட்கார்ந்தேன், ஓடலை.

நீ விரலைத் தாண்டினது எனக்குத் தெரியும். அப்பவே தெரியும். என் காது கேட்டுடுச்சு.

யோசிச்சுச் செஞ்சேன்னு நினைக்காதே. அடுத்த தட்டு விழறதுக்குள்ள என்ன யோசிக்க முடியும்? நான் நேரா போயிருந்தா உன் கை தப்புன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். உன் பேரு அடுத்த தாள்ல இருந்தது, நான் உட்கார்ந்த இடத்துலேருந்தே தெரிஞ்சது. ஆனா அதுக்காகன்னு சொன்னா அதுவும் முழு உண்மை இல்லை. பத்து வருஷமா நீ போன பக்கம்தான் நான் வந்திருக்கேன். அன்னிக்கும் வந்துட்டேன்.

தியாகம் கீகம்னு எழுதிடாதே, எனக்குப் பிடிக்காது. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு உன் மேல அவ்வளவு கோபம். சரி, வீட்டுக்குப் போனதும் சொல்லுவன்னு இருந்தேன். ராத்திரி சொல்லுவ, காலையில சொல்லுவன்னு பாத்தேன். அந்த வாரம் அப்பாவோட ஆபீஸ்காரங்க வந்தாங்களே, அன்னிக்குத்தான் அப்பா முதல் தடவை சொன்னார், பையனுக்குத் தாளம் நிக்கலைன்னு. நீ அவங்களுக்கு டீ ஊத்திக்கிட்டிருந்த. நான் உன்னைப் பாத்தேன். நீ டம்ளரைப் பாத்த.

சீட் போனது எனக்கு அவ்வளவா வலிக்கலை அக்கா. அதுதான் வலிச்சது. அதுக்கப்புறம் வயலினைத் தொடப் பிடிக்கலை. லிப்ட் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு கேள்விப்பட்டதும் கிளம்பிட்டேன்.

எழுதணும்னு ஆரம்பிச்சதை எழுதிட்டேன். இப்ப கோபம் இல்லை, நிஜமா. முப்பத்தொரு வருஷம் கோபமா இருக்கறதுக்கு நான் என்ன உன்னை மாதிரியா?

சாப்பிடு.

தம்பி

செப்டம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

அந்த டம்ளர் எனக்கு நினைவிருக்கிறது. விளிம்பில் ஒரு நசுங்கல் இருக்கும். நீ என்னைப் பார்ப்பது தெரிந்துதான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். அப்புறம் உன் மேல் கோபம் வந்தது. எனக்குக் கோபப்பட யோக்கியதை இல்லை, ஆனாலும் வந்தது. தெரிந்தே வந்தாயாடா என் பின்னால்? ஒரு வார்த்தை அன்றைக்கே என் முகத்துக்கு நேரே கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனே என்று கத்த வேண்டும்போல இருந்தது. சொல்லியிருப்பேனா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். தெரியவில்லை.

இனிமேல் இதை மூடி வைக்க மாட்டேன். அப்பாவிடம் சொல்லப்போகிறேன்.

சாப்பிட்டேன். இரண்டு தட்டு.

அக்கா

அக்டோபர் 3

அக்காவுக்கு,

அப்பாகிட்டச் சொல்லாதே. அவருக்கு எண்பது ஆகப்போகுது. உன்னைப் பத்தின பெருமை ஒண்ணுதான் அவர்கிட்ட மிச்சம். அதையும் பிடுங்கி என்ன பண்ணப்போற? நீ சொல்லணும்னு எனக்கு ஆசை இருந்தது, என்கிட்ட சொல்லிட்ட. எனக்கு அது போதும்.

அவர் சொல்றது எனக்குப் பழகிடுச்சு. நான் அங்க வரலைன்னா கேக்க வேண்டாம், அவ்வளவுதானே.

உங்க ரெண்டு பேர் உடம்பும் முக்கியம்.

தம்பி

நவம்பர் 22

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அப்பாவும் உயிரோடு இருக்கிறோம். நீயும் உன் மனைவியும் சுகமா?

நீ சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. என்றைக்குக் கேட்டிருக்கிறேன்? ஆனால் ஒரு மாதம் முயற்சி செய்தேன், அதை நீ ஒப்புக்கொள்ள வேண்டும். அப்பா பேச்சை எடுக்கும்போதெல்லாம் எழுந்து உள்ளே போனேன். "நான் அங்க வரலைன்னா கேக்க வேண்டாம்" என்று எழுதினாயே, அந்த வரி என்னை உள்ளேயும் உட்காரவிடவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை விடுமுறை என்பதால் காலையிலேயே வகுப்பு, டாக்டர் முடித்துக் கிளம்பினார். "நம்ம பையன் மாதிரி, மழை வருது, குடை எடுத்துக்கிட்டுப் போங்க" என்றார் அப்பா. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு அப்பாவுக்கு எதிரே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"அப்பா, அன்னிக்குத் தம்பி வாசிக்கும்போது தாளம் போட்டது யாரு?"

"நீதான்."

"அப்ப விட்டது யாரு?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன், விரல் உட்பட, டீ டம்ளர் உட்பட. உனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். என் பெருமை போனால் போகட்டும் என்றுதான் சொன்னேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு என் கையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் எழுந்து போய்ப் படுத்துக்கொண்டார். அப்போது மணி காலை பதினொன்று.

மறுநாள் நூலகக்காரி தன் தோழி ஒருத்தியைச் சேர்க்க அழைத்து வந்தாள். புது ஆளைப் பார்த்ததும் அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "ரெண்டும் சேர்ந்துதான் கத்துக்கிச்சுங்க, பொண்ணுக்கு..." என்றார். அங்கேயே நின்றுவிட்டார். அந்தப் பெண் மிச்சத்தைக் கேட்கக் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா எழுந்து அறைக்குள் போய்விட்டார். வகுப்பு முடியும் வரை வெளியே வரவில்லை.

இரண்டு நாள் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் போய் வந்தார். அப்புறம் தாள் கேட்டார், பேனா கேட்டார். கதவைச் சாத்திக்கொண்டு ஒரு பகல் முழுவதும் எழுதினார். உறையை ஒட்டித்தான் என் கையில் கொடுத்தார், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. இதோடு வைத்திருக்கிறேன். எழுத உட்காருவதற்கு முன்பே பஸ்காரரை மட்டும் தனியாகக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். கேட்டால் இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள்.

வருஷம் முடியப்போகிறது, என் மாணவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். தையல்காரம்மா தேறினாள், நானே இனிமேல் அவளிடம் கற்றுக்கொள்ள வேண்டும். டாக்டரின் மணிக்கட்டு திறந்தது. பஸ்காரர் கடைசி வரி வரை நிற்காமல் போகிறார். நூலகக்காரியின் சத்தம் தெருவரை போகிறது. டீச்சரும் ஒரு படி ஏறியிருக்கிறாள், இந்த வயதில்.

உன் மேல் எனக்கு எப்போதும் பிரியம்தான். அதையும் இதுவரை எழுதினதில்லை.

அக்கா

நவம்பர் 20

மகனுக்கு அப்பாவின் ஆசிகள்.

நீயும் மருமகளும் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் நலம். கை நடுங்குவதால் எழுத்து சரியாக இராது. உனக்கு நான் எழுதும் முதல் கடிதம் இது. முன்பெல்லாம் உன் அக்கா எழுதும்போது அப்பா கேட்டார் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்வேன். அதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்துக்கொள்வேன்.

அக்கா எல்லாம் சொன்னாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் சொல்வதற்கு நான் இடம் கொடுத்ததில்லை. எப்போதும் நானே பேசிக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குத் தெரியாத ஒன்றை உனக்கு எழுதுகிறேன். பரீட்சை அன்று நான் அந்த அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். கதவு சாத்தியிருந்தாலும் நன்றாகக் கேட்டது. முதலில் நீ வாசித்தாய். என் பிள்ளையா இப்படி வாசிக்கிறான் என்று எனக்குக் கண்ணில் நீர் வந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது. அதனால் பரீட்சை வைத்தவர்களில் வெளியே வந்த ஒரு பெரியவர், பையனுக்குத் தாளம் நிற்கவில்லை என்றதும், எனக்கு என்ன தெரியும் என்று என் காதை விட்டுவிட்டு அவர் வார்த்தையை எடுத்துக்கொண்டேன். நீ வெளியே வந்தபோது உன் முகத்தைப் பார்க்கவில்லை. நீ நன்றாக வாசித்தாய் என்று உன்னிடம் சொல்லவும் இல்லை.

அதன் பிறகு அவர் சொன்னதை அவரைவிட அதிகமாக நான்தான் சொல்லியிருக்கிறேன். யார் யாரிடம் சொன்னேன் என்று நினைத்துப் பார்த்தேன். பால் ஊற்றுபவரிடமும், மருந்துக் கடைக்காரரிடமும், பல் டாக்டரிடமும் போய் நான் சொன்னது தவறு என்று சொல்லிவிட்டேன். இன்னும் பலரிடம் சொல்ல வேண்டும். சிலர் இப்போது இல்லை. உன் அம்மா இல்லை. நான் அப்படிப் பேசும்போதெல்லாம் அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஏன் என்று அவளை ஒருநாளும் கேட்டதில்லை.

உன்னை வா என்று கூப்பிட எனக்கு வாய் இல்லை. அதனால் நான் வருகிறேன். பஸ் ஓட்டும் அந்தப் பிள்ளையிடம் சொல்லி ரயில் டிக்கெட் எடுத்துவிட்டேன். உன் அக்காவிடம் கிளம்புகிற அன்றுதான் சொல்வேன், முன்னால் சொன்னால் தானும் வருவேன் என்று நிற்பாள். டிசம்பர் பன்னிரண்டாம் தேதி காலை ஏழரை மணிக்கு வண்டி அங்கே வந்து சேரும். எனக்காக நீ ஒன்றும் ஏற்பாடு செய்ய வேண்டாம். ஸ்டேஷனுக்கு மட்டும் வந்துவிடு. எனக்கு உன் வீட்டுக்கு வழி தெரியாது.

இப்படிக்கு,
அப்பா